ஜெர்மனியில் படித்து, வேலை பார்த்து, பிஆர் வாங்குவது எப்படி?

ஜெர்மனியில் பட்டம் முடித்து வேலையில் சேர்ந்த பலரும் பிஆருக்கு, அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு, தாங்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து வருஷத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டினர் அலுவலகம் அப்படி எண்ணுவதில்லை. அங்கே இரண்டு கணக்குகள் தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்று, திறன் பணியாளர் என்ற வகையில் நீங்கள் வைத்திருக்கும் அனுமதியின் காலம். மற்றொன்று, ஓய்வூதியக் காப்பீட்டில் உங்கள் பெயரில் பணம் கட்டப்பட்ட மாதங்கள். இரண்டும் வெவ்வேறு நாளில் தொடங்கும், வெவ்வேறு வேகத்தில் நகரும். இதில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் ஆறு மாதமோ ஒரு வருடமோ வீணாகிவிடும். அப்படி வீணாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. உங்கள் வழி எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஜெர்மானியக் கல்வி நிறுவனத்தில் பட்டம் பெற்றவர்களுக்கும், அவுஸ்பில்டுங் எனப்படும் தொழிற்பயிற்சியை இங்கே முடித்தவர்களுக்கும் குடியிருப்புச் சட்டத்தின் 18சி பிரிவு சலுகை தருகிறது. திறன் பணியாளர் அனுமதியில் 2 ஆண்டுகள், ஓய்வூதியக் காப்பீட்டில் 24 மாதங்கள் இருந்தால் போதும். வெளிநாட்டில் படித்துவிட்டு நேராக வேலைக்கு வந்தவர்களுக்கு இதே பிரிவில் 3 ஆண்டுகளும் 36 மாதங்களும் தேவை. முன்பு அது 4 ஆண்டுகளாக இருந்தது. இணையத்தில் பழைய எண்ணை இன்னும் பார்க்கலாம், குழம்பிவிடாதீர்கள்.

புளூ கார்டு, அதாவது குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்கும் பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி, வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலை இருந்தால் 21 மாதங்கள், ஏ1 என்ற தொடக்க நிலை மட்டும் இருந்தால் 27 மாதங்கள். அந்த மாதங்கள் முழுவதும் புளூ கார்டுக்கு உரிய வேலையில் இருந்து, அதே மாதங்களுக்கு ஓய்வூதியப் பங்களிப்பும் கட்டியிருக்க வேண்டும். மாணவராக இருந்தபோது கட்டிய பங்களிப்பு இந்தக் கணக்கில் வராது.

புளூ கார்டுக்குச் சம்பள வரம்பு உண்டு. 2025-ல் பொது வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ. பட்டம் பெற்று மூன்று ஆண்டுகளுக்குள் இருப்பவர்களுக்கும் ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கும் 43,759.80 யூரோ. ஒவ்வொரு ஜனவரியிலும் இந்த எண் மாறும். டிசம்பரில் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் சம்பளம் வரம்பை ஒட்டி இருந்தால், அடுத்த ஆண்டு வரம்பைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சம்பளம் வரம்பைத் தாண்டினால் புளூ கார்டு எடுத்து, பி1 முடித்து, 21 மாதத்தில் விண்ணப்பியுங்கள். தாண்டாவிட்டால், பட்டதாரிகளுக்கான சாதாரணத் திறன் பணியாளர் அனுமதியான 18பி-யில் 24 மாதம். இரண்டுக்கும் வித்தியாசம் மூன்றே மாதம் என்பதால், புளூ கார்டு கிடைக்கவில்லை என்று நல்ல வேலையை உதறத் தேவையில்லை.

இந்த இரண்டிலும் அடங்காதவர்களுக்கு 9-ஆம் பிரிவின் பொது வழி இருக்கிறது. அதற்கு 5 ஆண்டுகள் அனுமதியும் 60 மாத ஓய்வூதியப் பங்களிப்பும் தேவை. படிப்புக்காலத்தில் பாதியை அந்த 5 ஆண்டில் சேர்த்துக்கொள்வார்கள். நான்கு ஆண்டு படித்திருந்தால் இரண்டு ஆண்டு வரவு. பாதிக் கணக்கு இந்தப் பொது வழிக்கு மட்டும்தான். 18சி பிரிவில் படிப்புக்காலம் ஒரு நாள்கூடக் கணக்கில் வராது.

2. வேலை கிடைத்த அன்றே அனுமதி வகையை மாற்றுங்கள்

அதிகம் பேர் காலத்தை இழப்பது இந்த இடத்தில்தான்.

பட்டம் முடிந்ததும் வேலை தேடுவதற்கு 18 மாதம் வரை அனுமதி தருகிறார்கள். அந்த அனுமதியில் எந்த வேலையும் முழுநேரமாகச் செய்யலாம். எனவே வேலை கிடைத்ததும் சேர்ந்துவிடுகிறார்கள், "கார்டில்தான் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே" என்று வகையை மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். வேலை தேடும் அனுமதியில் இருக்கும் காலம் 18சி-யின் 2 ஆண்டுக் கணக்கில் சேராது. ஓய்வூதிய மாதங்கள் கூடிக்கொண்டே போகும், அனுமதிக் கணக்கு தொடங்கியே இருக்காது.

ஒருவர் 2024 ஜூனில் வேலையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை தேடும் கார்டு முடியும் வரை காத்திருந்து, 2025 மார்ச்சில் 18பி அனுமதி வாங்குகிறார். அவருக்கு 2 ஆண்டு நிறைவது 2027 மார்ச்சில். ஜூனிலேயே மாற்றியிருந்தால் 2026 ஜூனில் முடிந்திருக்கும். ஒன்பது மாதம் வீண்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்தான அன்றே, வேலை தொடங்கும் நாளுக்குக் காத்திராமல், வகை மாற்றத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். பட்டச் சான்றிதழ் அச்சாகி வர மாதங்கள் ஆகும். அதுவரை படிப்பு முடிந்ததை உறுதிசெய்யும் கடிதத்தைத் தேர்வு அலுவலகத்தில் கேட்டு வாங்கி இணைத்துவிடுங்கள். கார்டு கைக்கு வந்ததும் அதிலுள்ள பிரிவு எண்ணையும் தொடக்கத் தேதியையும் படித்துப் பாருங்கள். தவறு இருந்தால் அந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல்கலைக்கழகத்தோடு வேலை ஒப்பந்தம் இருந்தும் மாணவர் அனுமதியான 16பி-யிலேயே தொடர்பவர்கள் உண்டு. அந்த ஆண்டுகள் 18சி கணக்கில் வராது. ஒப்பந்தம் இருந்தால் ஆய்வாளர் அனுமதிக்கோ புளூ கார்டுக்கோ மாறும் வாய்ப்பைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தில் உடனே விசாரியுங்கள். உதவித்தொகையில் ஆய்வு செய்பவர்களுக்கு ஓய்வூதியப் பங்களிப்பும் ஏறாது என்பதால் இரண்டு கணக்குமே நின்றிருக்கும்.

வேலை மாறும்போதும் கவனம் தேவை. கார்டோடு தரப்படும் பச்சைத் தாளில் நிறுவனத்தின் பெயர் அச்சிடப்பட்டிருந்தால், அலுவலகத்தின் ஒப்புதல் வரும்முன் புதிய இடத்தில் சேராதீர்கள். புளூ கார்டில் முதல் 12 மாதத்துக்குள் மாறினால் தகவல் தெரிவிக்க வேண்டும். வேலை எதிர்பாராமல் முடிந்தால் இரண்டு வாரத்துக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை.

3. ஓய்வூதிய மாதங்களைப் படிக்கும்போதே சேர்க்கத் தொடங்குங்கள்

18சி வழியில் 24 மாதப் பங்களிப்பு முழுநேர வேலையிலிருந்துதான் வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எந்தப் பகுதிநேர வேலை கணக்கில் ஏறும், எது ஏறாது என்று தெரிந்து வேலை எடுத்தால் பின்னால் கைகொடுக்கும்.

வெர்க்ஸ்டூடன்ட் எனப்படும், படித்துக்கொண்டே செய்யும் பகுதிநேர வேலையில் மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தம் இருக்காது. ஆனால் ஓய்வூதியப் பிடித்தம் உண்டு, உங்கள் பங்கு 9.3 சதவீதம். அந்த மாதங்கள் அத்தனையும் கணக்கில் ஏறும். அவுஸ்பில்டுங் காலத்தில் பயிற்சி ஊதியத்திலிருந்து பிடிப்பதும் அப்படியே. மூன்று ஆண்டுப் பயிற்சியில் 36 மாதம் சேர்ந்துவிடும் என்பதால் அவர்கள் கவலைப்பட வேண்டியது அனுமதிக் கணக்கைப் பற்றி மட்டுமே.

மினிஜாப் எனப்படும் குறைந்த சம்பளப் பகுதிநேர வேலையில்தான் பொறி இருக்கிறது. சேரும் அன்று தரும் படிவக்கட்டில் ஓய்வூதியக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கோரும் தாள் ஒன்று இருக்கும். கையெழுத்துப் போட்டால் மாதம் 3.6 சதவீதம் மிச்சமாகும் என்று பலரும் போட்டுவிடுகிறார்கள். 500 யூரோ சம்பளத்தில் அது 18 யூரோ. அந்த 18 யூரோவுக்காக ஒரு மாதப் பங்களிப்பை இழக்காதீர்கள்.

படிப்பின் பகுதியாகச் செய்யும் கட்டாயப் பயிற்சிக்கு, அதாவது பிஃப்ளிஹ்ட்பிராக்டிகும் என்பதற்கு, சம்பளம் எவ்வளவு வந்தாலும் ஓய்வூதியப் பங்களிப்பு கிடையாது. விடுமுறையில் செய்யும் குறுகிய கால வேலைக்கும் கிடையாது. சுயதொழிலாகப் பில் போட்டு வாங்கும் பணத்துக்கும் தானாக எதுவும் ஏறாது.

ஒரு நல்ல செய்தி: மாதத்தில் சில நாள் மட்டும் வேலை செய்திருந்தாலும் ஓய்வூதியக் காப்பீட்டில் அது முழு மாதமாகவே எண்ணப்படும். ஜூன் 20-ல் சேர்ந்தால் ஜூன் மாதமும் உங்களுடையதுதான்.

இந்தக் கணக்குக்கான ஆதாரம் ஃபெர்ஸிஷெருங்ஸ்ஃபெர்லவ்ஃப் எனப்படும் காப்பீட்டு வரலாற்றுத் தாள். டாய்ச்சே ரென்டென்ஃபெர்ஸிஷெருங் இணையதளத்தில் காப்பீட்டு எண்ணைக் கொடுத்து இலவசமாகக் கேட்கலாம், தபாலில் வரும். விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பே ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அதில் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலில், விடுபட்ட மாதங்கள். நம் பெயர்களில் முதற்பெயரும் அப்பா பெயரும் இடம் மாறி எழுதப்படுவதால், ஒரே ஆளுக்கு இரண்டு காப்பீட்டு எண்கள் உருவாகி, மாணவர் காலப் பங்களிப்பு வேறொரு எண்ணில் கிடக்க வாய்ப்புண்டு. சம்பளச் சீட்டுகளை அனுப்பி இணைக்கச் சொல்லலாம், ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். அடுத்தது, நடப்பு ஆண்டு. நிறுவனங்கள் ஒரு ஆண்டுக்கான அறிவிப்பை அடுத்த ஆண்டு பிப்ரவரி நடுவுக்குள்தான் அனுப்புகின்றன. எனவே இந்த ஆண்டின் மாதங்கள் தாளில் தெரியாது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம், அந்த மாதங்களின் சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

4. மொழித் தேர்வும் லேபன் இன் டாய்ச்லாண்ட் தேர்வும்

ஆங்கிலவழியில் முதுகலை முடித்து, அலுவலகத்திலும் ஆங்கிலமே பேசுபவர்கள் கடைசியில் சிக்கிக்கொள்வது பி1-இல்தான். வேலைக்குச் சேர்ந்தபின் மாலை வகுப்பில் ஏ1-இலிருந்து தொடங்கினால் பி1 வரை ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிடும். படிக்கும் காலத்திலேயே பல்கலைக்கழகத்தின் மொழி மையத்தில் வகுப்புகள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும். ஏ2 வரையாவது அங்கேயே முடித்துவிடுங்கள்.

ஆனால் அந்த மையம் தரும் வகுப்புச் சான்றிதழ் எல்லா அலுவலகத்திலும் செல்லாது. கோதே, டெல்க், ஓ.எஸ்.டி. போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேர்வுச் சான்றிதழாக இருப்பது பாதுகாப்பு. தேர்வுக்கு இடம் கிடைக்க ஒன்றிரண்டு மாதம், முடிவு வரச் சில வாரங்கள் என்று வைத்துத் திட்டமிடுங்கள். ஒரு முறை தவறினால் மறுபடி எழுதவும் இடைவெளி விடுங்கள். பதிவு செய்யும்போது பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையிலேயே எழுதுங்கள்.

சட்டம், சமூக ஒழுங்கு பற்றிய அறிவைக் காட்ட லேபன் இன் டாய்ச்லாண்ட் தேர்வு. கட்டணம் 25 யூரோ. 33 கேள்விகள், 60 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 30 கேள்விகள் நாடு முழுமைக்கும் பொதுவான 300 கேள்விகளிலிருந்தும், 3 கேள்விகள் நீங்கள் வாழும் மாநிலத்துக்கான 10 கேள்விகளிலிருந்தும் வரும். மொத்தக் கேள்விகளும் விடைகளோடு இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, காசு கொடுத்து எந்த வகுப்பிலும் சேர வேண்டாம். பிஆருக்கு 15 சரியான விடைகள் போதும், குடியுரிமைக்கு 17 தேவை. எனவே 17-க்குக் குறையாமல் எடுங்கள், அதே சான்றிதழ் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்துக்கும் பயன்படும்.

தேர்வு எளிது. சிரமம் கொடுப்பது காத்திருப்புதான். ஃபோக்ஸ்ஹோஹ்ஷூலே எனப்படும் நகர வயதுவந்தோர் பள்ளிகளில் பதிவு செய்ய வேண்டும், பெரிய நகரங்களில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். முடிவு தபாலில் வர இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். பி1 முடியட்டும் என்று காத்திராமல் இதை முதலில் எழுதிவிடுங்கள்.

5. ஆவணங்களைத் திரட்டுதல்

ஒவ்வொரு நகர அலுவலகமும் தன் பட்டியலைத் தானே வைத்திருக்கிறது. உங்கள் நகரத்தின் பட்டியலை அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கும் கேட்பவை இவை:

– பாஸ்போர்ட், தற்போதைய கார்டு, பச்சைத் தாள்
– பூர்த்தி செய்த விண்ணப்பப் படிவம்
– வேலை ஒப்பந்தம், கடைசி 3 முதல் 6 மாதச் சம்பளச் சீட்டுகள்
– வேலை தொடர்கிறது, நீக்க அறிவிப்பு எதுவும் இல்லை என்று நிறுவனம் தரும் கடிதம்
– ஓய்வூதியக் காப்பீட்டு வரலாற்றுத் தாள்
– ஜெர்மானியப் பட்டச் சான்றிதழ் அல்லது தொழிற்பயிற்சிச் சான்றிதழ்
– பி1 சான்றிதழ், லேபன் இன் டாய்ச்லாண்ட் சான்றிதழ்
– வாடகை ஒப்பந்தம், முகவரிப் பதிவுச் சான்று
– மருத்துவக் காப்பீட்டு உறுதிக் கடிதம்
– மணமானவர் என்றால் திருமணச் சான்றிதழ், மொழிபெயர்ப்போடு

நிறுவனக் கடிதம் சில வாரங்களுக்கு மேல் பழையதாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், அதைக் கடைசியாக வாங்குங்கள். புதிய நிறுவனத்தில் தகுதிகாண் காலத்தில் இருக்கும்போது விண்ணப்பித்தால், வருமானம் நிலையானதா என்ற கேள்வி எழும். வேலை மாறும் எண்ணம் இருந்தால் ஒன்று பிஆர் கைக்கு வந்தபின் மாறுங்கள், அல்லது முன்கூட்டியே மாறித் தகுதிகாண் காலத்தை முடித்துவிடுங்கள்.

வீட்டளவும் பார்க்கப்படும். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 12 சதுர மீட்டர், அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு 10 சதுர மீட்டர் என்பது பொதுவான அளவுகோல். பகிர்ந்து வாழும் வீட்டில் உள்வாடகைக்கு இருந்தால், வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் கடிதமும் தேவைப்படும். அரசின் வீட்டு வாடகை உதவி வாங்கிக்கொண்டிருந்தால் சொந்த வருமானத்தில் வாழ்கிறீர்கள் என்று காட்டுவது கடினம். குழந்தைகளுக்கான உதவித்தொகையும் பெற்றோர் உதவித்தொகையும் தடையல்ல.

பாஸ்போர்ட்டில் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். பிஆர் உரிமைக்குக் காலவரம்பு இல்லை. ஆனால் பிளாஸ்டிக் கார்டு பாஸ்போர்ட்டோடு சேர்ந்தே காலாவதியாகும், புதிய கார்டுக்கு மறுபடி 67 யூரோ.

6. எவ்வளவு செலவாகும்?

பிஆர் விண்ணப்பக் கட்டணம் 113 யூரோ. அதற்கு முன் மாணவர் அனுமதியிலிருந்து வேலை அனுமதிக்கு மாறும்போது சுமார் 100 யூரோ. லேபன் இன் டாய்ச்லாண்ட் 25. பி1 தேர்வுக் கட்டணம் நிறுவனத்தையும் நகரத்தையும் பொறுத்துச் சுமார் 150 முதல் 260 வரை. 2025 மே மாதம் முதல் காகிதப் புகைப்படம் ஏற்கப்படுவதில்லை. அலுவலகத்திலுள்ள கருவியில் எடுத்தால் 6 யூரோ, ஸ்டுடியோவில் எடுத்து நேரடியாக அனுப்பச் சொன்னால் கூடுதல். சிக்கல் இல்லாத விண்ணப்பத்துக்கு வழக்கறிஞர் தேவையில்லை. பிஆர் "ஏற்பாடு செய்து தருகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களுக்கு ஒரு சென்ட்கூடக் கொடுக்காதீர்கள். அவர்கள் செய்வதும் இதே படிவத்தை நிரப்புவதுதான்.

7. எப்போது விண்ணப்பிப்பது?

முடிவெடுக்கும் நாளில் தகுதி இருக்கிறதா என்பதுதான் பார்க்கப்படும். டெர்மின், அதாவது அலுவலகத்தில் சந்திப்பு நேரம், கிடைக்கவே மாதங்கள் ஆகும் நகரங்களில், தகுதி நிறைவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம். இணையவழி விண்ணப்பம் உள்ள நகரங்களில் சமர்ப்பித்ததற்கான உறுதி மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள்.

தற்போதைய கார்டு முடிவதற்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது மிக முக்கியம். அப்படிச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதியின் உரிமைகள் வேலை உரிமை உட்படத் தொடரும். அதற்குச் சான்றாக ஃபிக்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தாளை 13 யூரோவுக்குக் கேட்டு வாங்கலாம். ஊருக்குப் போய் வர நினைப்பவர்கள் அந்தத் தாளில் எந்தப் பெட்டி குறியிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு குறியிடப்பட்டிருந்தால் திரும்பி நுழையலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போகாதீர்கள்.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வேறு நகரத்துக்கு வீடு மாறுவதைத் தவிர்க்கப் பாருங்கள். பொறுப்பு புதிய நகர அலுவலகத்துக்குப் போகும், கோப்பு பின்னால் மெதுவாக வரும், வரிசையில் மறுபடி கடைசியில் நிற்பீர்கள்.

8. பதிலே வராவிட்டால்

ஆறு வாரம் கழித்து மின்னஞ்சலில் நிலவரம் கேளுங்கள். கோப்பு எண், பிறந்த தேதி, விண்ணப்பித்த நாள் மூன்றையும் தலைப்பு வரியிலேயே எழுதுங்கள். முழு ஆவணங்களோடு விண்ணப்பித்து மூன்று மாதம் கடந்தும் போதிய காரணம் இல்லாமல் முடிவு வரவில்லை என்றால், நிர்வாக நீதிமன்றத்தில் செயலின்மைக்கு எதிராக வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. முன்பணமாகச் சுமார் 500 யூரோ நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அலுவலகம்தான் காரணமின்றித் தாமதித்தது என்றால் செலவு பெரும்பாலும் அவர்கள் மேல் விழும். அதற்கு முன் தேதி குறிப்பிட்டு, "இந்த நாளுக்குள் முடிவு வராவிட்டால் நீதிமன்றம் செல்வேன்" என்று ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பல கோப்புகள் அந்தக் கடிதத்திலேயே நகர்ந்துவிடும். வழக்குப் போட்டதால் விண்ணப்பத்தை நிராகரிப்பார்கள் என்ற பயம் தேவையில்லை.

9. கார்டு வந்த பிறகு

ஒப்புதலுக்குப் பின் கார்டு அச்சாகி வர நான்கு முதல் ஆறு வாரம். பெயர், பிறந்த தேதி, பிரிவு எண் மூன்றையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு ஒரு நகல் அனுப்பிவிடுங்கள், பழைய அனுமதியின் முடிவுத் தேதி அவர்கள் பதிவில் இன்னும் இருக்கும்.

இனி எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கலாம், சொந்தத் தொழிலும் தொடங்கலாம். கணவன் அல்லது மனைவிக்கும் ஒரு குறுக்குவழி திறக்கிறது: 18சி பிஆர் பெற்றவரோடு வாழும் துணை, 3 ஆண்டு அனுமதியும் வாரம் 20 மணி நேர வேலையும் பி1-ம் மற்ற நிபந்தனைகளும் இருந்தால் 5 ஆண்டு காத்திராமல் விண்ணப்பிக்கலாம்.

ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ச்சியாக ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் பிஆர் தானாகவே இழக்கப்படும். யாரும் கடிதம் போட்டு எச்சரிக்க மாட்டார்கள். பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ நிறுவனம் அனுப்பியோ நீண்ட நாள் வெளியே இருக்க வேண்டி வந்தால், கிளம்புவதற்கு முன் வெளிநாட்டினர் அலுவலகத்தில் நீண்ட காலக்கெடுவுக்கு விண்ணப்பித்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள்.